ஏலம் இறங்கி வரும் வழி

பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறீர்கள். முந்திரிப் பருப்பை நெய்யில் வறுத்துக் கொட்டியாகி விட்டது. கடைசியாக அலமாரி மூலையிலிருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து, இரண்டு ஏலக்காயைச் சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்துத் தூவுகிறீர்கள். அதுவரையில் கூடத்தில் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, "என்ன, இன்றைக்குப் பாயசமா?" என்கிறார். பால் அரை மணியாகக் கொதித்துக் கொண்டிருந்தது. சேமியா வெந்து கொண்டிருந்தது. அப்போதெல்லாம் கேட்காத கேள்வி! இரண்டே இரண்டு காய் செய்கிற வேலை அது.

அந்தக் காய் எங்கேயிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? "மளிகைக் கடையிலிருந்து" என்பீர்கள். நானும் சென்ற ஐப்பசி வரையில் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். என் நாத்தனாரின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. "மற்றதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஏலக்காய் மட்டும் போடியில்தான் வாங்க வேண்டும்" என்று அக்கா ஒரே பிடிவாதமாகச் சொல்லி விட்டார். நாத்தனாரை அக்கா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவர் சொன்னால் மறுப்பதில்லை என்பதும் எங்கள் வீட்டு வழக்கந்தான். ஆகவே, இருவரும் புறப்பட்டோம். நீங்களும் கூட வாருங்கள், செலவு ஒன்றுமில்லை.

பல ஜன்மம் எடுத்த ரயில்

மதுரையில் ரயில் ஏறினால் போடிநாயக்கனூர் சுமார் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் நுழைந்து வெளியே வந்தால் காட்சியே மாறி விடுகிறது. வறண்ட கரிசலும் பாறையும் பின்தங்கிப் போகின்றன. தேனியைக் கடக்கும்போது எதிரே நீலச் சுவர் எழுப்பினாற்போல் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் ரயில் அந்தச் சுவரின் காலடிக்கே வந்து நின்று விடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, மலைதான்.

இந்த ரயில் பாதையின் சரித்திரத்தைக் கேட்டால் உங்களுக்குப் பரிதாபமாக இருக்கும். 1928-இல் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டு போய் விட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1950-களில் மறுபடியும் போட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியபின், அகலப் பாதையாக்குவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் மூடினார்கள். மூடினது மூடினதுதான்! தேனிக்கு 2022-இலும், போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊர் அன்றைக்கு ஸ்டேஷனில் கூடி நின்றதில் ஆச்சரியம் என்ன?

"ஒரு ரயிலுக்கு இத்தனை ஜன்மமா?" என்றார் அக்கா. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "எங்க ஊர்ல எதுவும் லேசுல வராதும்மா, வந்தா போகாது" என்று சொல்லிச் சிரித்தார்.

ஏலத்துக்கு ஏலம்

மதுரை நாயக்கர் காலத்து எழுபத்திரண்டு பாளையங்களில் போடியும் ஒன்று. ஜமீன் அரண்மனை இன்றும் இருக்கிறது. உள்ளே சுவர்களில் ராமாயணக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஊரின் ஓரத்தில் ஒரு சின்னக் குன்றின் மேல் பரமசிவன் கோயில். அங்கே ஏறி நின்று பார்த்தால் மூன்று பக்கமும் மலை, நடுவில் ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் தென்னந்தோப்புகளும், தொட்டிலுக்குள் குழந்தையைப் போட்டாற்போல் ஊர் கிடக்கிறது.

கடைத்தெருவில் நுழைந்தவுடனே மூக்குத்தான் முதலில் விழித்துக் கொள்கிறது. ஒரு சந்தில் காப்பிக் கொட்டை வறுபடும் வாசனை. அடுத்த சந்தில் ஏலக்காய். அதற்கடுத்ததில் வாசனை ஒன்றுமில்லை. ஆனால் காற்றிலே வெள்ளை வெள்ளையாக ஏதோ பறக்கிறது. இலவம் பஞ்சு! மெத்தையும் தலையணையும் செய்கிறவர்களுக்குப் போடி இலவம் பஞ்சு என்றால் தனி மதிப்பு.

ஏலக்காய் மண்டிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். பெரிது, நடுத்தரம், பொடி, வெடித்தது, வெளிறியது என்று கை தானாகவே பிரித்துப் போடுகிறது. கண் எங்கேயோ இருக்கிறது. வாய் பக்கத்திலிருப்பவளுடன் பேசிக் கொண்டிருக்கிறது. கை மட்டும் தவறுவதில்லை.

தமிழில் ஒரு வேடிக்கை பாருங்கள். காய்க்கும் ஏலம் என்றுதான் பெயர். கூவி விற்பதற்கும் ஏலம் என்றுதான் பெயர். போடியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து விட்டன. மலைத் தோட்டத்துக் காய் இந்த ஊருக்கு வந்து ஏலம் போகிறது. முன்பெல்லாம் வியாபாரிகள் கூடி உரக்கக் கேட்பார்களாம். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக் கூடத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் விலை கேட்கிறார்கள். மாதிரிக் காய் கையோடு கை மாறுகிறது. உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார்கள், விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒரு தோட்டக்காரரின் ஒரு வருஷத்து உழைப்புக்குச் சில விநாடிகளில் விலை ஏற்பட்டு விடுகிறது.

அந்த விலையோ மகா சபலம் உடையது. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் பாழாயின. மறு வருஷம் ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரையில் போயிற்று. "அந்த வருஷம் எங்கள் வீட்டில் பாயசமே வாசனையில்லாமல் போயிற்று" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. மூன்று வருஷத்துக்குள் அதே காய் கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கி, தோட்டக்காரர்களைக் கண்ணீர் விட வைத்தது. இதில் கடல் கடந்த சமாசாரம் ஒன்றும் உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா தேசத்தில் 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஏலச் செடியைக் கொண்டு போய் நட்டார். நம் மலையின் பிள்ளை அங்கே போய்ப் பல்கிப் பெருகி, இன்று நமக்கே போட்டியாக நிற்கிறது. அரபு நாடுகளில் காப்பியோடு ஏலக்காயைச் சேர்த்துக் காய்ச்சிக் குடிப்பார்கள். அங்கே யார் காய் விலை போகிறது என்பதைப் பொறுத்து இங்கே போடியில் அடுப்பு எரிவதும் எரியாததும் இருக்கிறது.

கொட்டகுடி ஆற்றின் கூடவே

அன்று பிற்பகல் குரங்கணிக்குப் போனோம். போடியிலிருந்து மேற்கே போனால் கொட்டகுடி ஆறு கூடவே வருகிறது. அணைப் பிள்ளையார் தடுப்பணையில் தண்ணீர் வழிந்து நுரைத்துக் கொண்டிருந்தது. பையன்கள் குதித்துக் கொண்டிருந்தார்கள். முந்தல் என்ற இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று போடிமெட்டுக்கு ஏறுகிறது. மற்றொன்று மாந்தோப்புகளுக்கும் இலவ மரங்களுக்கும் ஊடே ஆற்றின் பள்ளத்தாக்கில் குரங்கணிக்குப் போகிறது.

குரங்கணியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை உச்சியில் ஓர் ஊர். அதன் பெயர் டாப் ஸ்டேஷன். நடு மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன். "மலை மேலே ரயிலா?" என்று கேட்காதீர்கள், இருந்தது! மூணாறு தேயிலைத் தோட்டங்களை ஏற்படுத்திய வெள்ளைக்காரர்கள் 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி வண்டியை இழுக்கச் செய்தார்கள். 1908-இல் அதை எடுத்து விட்டு நிஜ ரயிலே விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, கம்பி வடத்தில் தொங்கிக் கொண்டு இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கொட்டகுடிக்கு வந்து சேரும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு. அப்புறம் கப்பலேறிச் சீமைக்கு. லண்டனில் யாரோ ஒரு துரைசானி கோப்பையை உதட்டில் வைப்பதற்கு முன்னால், அந்தத் தேயிலை நம் குரங்கணி ஆகாயத்தில் ஊஞ்சலாடிற்று.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்து மலை ரயிலை அடித்துக் கொண்டு போய் விட்டது. கீழே போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல். மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இன்றைக்கு மேலே தண்டவாளமும் இல்லை, வடமும் இல்லை. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சரிவுகளில் முதுவர்கள் என்ற மலைவாசிகளின் குடிகள் உண்டு. மதுரையை விட்டு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. வரும்போது மீனாட்சியம்மன் விக்கிரகத்தை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாம். இன்றும் அந்தப் பெண்கள் குழந்தையைத் துணியில் கட்டி முதுகில்தான் சுமக்கிறார்கள். இடுப்பில் வைத்தால் மலை ஏறக் கை வேண்டாமா?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்த 36 பேர் இந்தச் சரிவில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள். நம் வீட்டுப் பெண்களைப் போல வாரம் முழுவதும் ஆபீசில் உழைத்து, இரண்டு நாள் மலைக் காற்று வாங்க வந்தவர்கள். காய்ந்த புல் இடுப்பளவு நின்றது, காற்றும் அடித்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிர் பிழைக்கவில்லை. தகவல் கேட்டவுடன் முதலில் ஏறி ஓடியவர்கள் இந்த மலைக் கிராமத்து ஜனங்கள். போர்வையில் கட்டித் தூக்கிக் கொண்டு இருட்டில் இறங்கினார்கள்.

டீக்கடைக்காரர் மேலே கை காட்டி அந்த இடத்தைச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் சரிவு முழுவதும் பச்சைப் பசேலென்று இருந்தது. "அதே வருஷம் ஆவணியில மேல குறிஞ்சி பூத்துச்சும்மா. மலையே நீலமா இருந்துச்சு. நாங்க யாரும் பாக்கப் போகலை" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற பூ. அடுத்தபடி 2030-இல் பூக்கும்.

மாசி, பங்குனி, சித்திரையில் இந்த மலைக்குப் போகாதீர்கள். எப்போது போனாலும் வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு வழிகாட்டியோடு போகும் நாற்பது மலைப் பாதைகளை ஏற்படுத்தியிருக்கிறது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. வீட்டில் வயதுப் பெண் "மலையேறப் போகிறேன்" என்றால் தடுக்க வேண்டாம். யாருடன், எந்த வழியில், யார் அனுமதியுடன் என்ற மூன்று கேள்வியை மட்டும் கேளுங்கள்.

விடியற்கால ஜீப்

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் ஒரே சந்தடி. வெளியே வந்து பார்த்தால் வரிசையாக ஜீப்புகள். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கையில் தூக்குப் போணி, இப்படி நூற்றுக்கணக்கான பெண்கள். ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். போடியிலிருந்து மட்டுமல்ல, தேனி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் இப்படி மலையேறி, பொழுது சாயத் திரும்புகிறார்கள். 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஆகவே இவர்கள் காலையில் ஒரு மாநிலத்தில் கோலம் போட்டு விட்டு, இன்னொரு மாநிலத்தில் கூலி வேலை செய்து விட்டு, ராத்திரி மறுபடி இந்த மாநிலத்தில் உலை வைக்கிறார்கள்.

ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. இந்த வழியில் ஜீப் கவிழ்ந்த செய்திகளை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

ஓரத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் அக்கா பேச்சுக் கொடுத்தார். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது.

"குழந்தை இருக்காம்மா?"

"எட்டு மாசப் பய இருக்கான். அத்தைகிட்ட விட்டுட்டுப் போறேன்."

"அழ மாட்டானா?"

"நான் கிளம்பறப்ப தூங்குவான். நான் வர்றப்ப முழிச்சிருப்பான். சாயந்தரம் ஆறு மணிக்கு இங்கனதான் எறங்குவோம். வாங்க, பாருங்க."

ஜீப் நகர்ந்து விட்டது.

நாங்கள் பஸ்ஸில் போடிமெட்டுக்கு ஏறினோம். முந்தலுக்கு மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் போடி ஒரு படி சின்னதாகிறது. புலியூத்து அருவி ஒரு திருப்பத்தில் எட்டிப் பார்த்தது. அப்புறம் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடி விட்டது. மேலே போய் இறங்கினால், கீழே விசிறி தேடினவர்களுக்குச் சால்வை தேவைப்படுகிறது.

தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது. ஓங்கிய மரங்களின் நிழலில், ஆளுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஏலச் செடி. காயை மேலே தேடினேன். "கீழே பாருங்கள்" என்றார்கள். செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையில் படர்ந்த சரங்களில் காய் தொங்குகிறது. நிமிர்ந்து நின்று பறிக்க வழியே கிடையாது. குந்தியோ, ஈர மண்ணில் உட்கார்ந்தோ, பூவும் பிஞ்சும் ஒடியாமல், முற்றின காயை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தரம் அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். மழை முதுகில் விழுகிறது. அட்டை காலில் ஏறுகிறது. பூச்சி மருந்தின் நெடி இலையெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. எடுத்த காயை ஸ்டோரில் ஒரு நாள் போல மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். வெயிலில் காய வைத்தால் பச்சை நிறம் வெளுத்து விடுமாம். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது.

ஆறு மணிக்கு மேல்

மாலை ஆறு மணிக்கு முன்னாலேயே அக்கா என்னை இழுத்துக் கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்து விட்டார். அங்கே ஒரு கிழவி, இடுப்பில் குழந்தையுடன் நின்றாள். "அந்தப் பயல்தான்" என்று அக்கா கண்டுபிடித்து விட்டார். தாயின் மூக்கும் முழியும் அப்படியே இருந்தன.

ஆறரை ஆயிற்று. மற்ற ஜீப்புகள் வந்தன. பெண்கள் இறங்கிக் கலைந்தார்கள். அந்த ஜீப் வரவில்லை.

"மேல மூடாப்பு தாயி. மெதுவாத்தான் வரணும்" என்றாள் கிழவி. ஏழு ஆயிற்று. யாரோ போன் செய்து பார்த்தார்கள், மலையில் எடுக்கவில்லை. குழந்தை பசியில் வீறிட்டது. கிழவிக்குக் கை ஓய்ந்து போயிற்று. அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக் கொண்டு, அந்த இருட்டுத் தெருவில் மேலும் கீழுமாக நடந்தார். காத்திருந்தவர்கள் யாரும் பேசவில்லை. எல்லோரும் மலைப் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தார்கள். பதினேழு வளைவையும் காலையில் எண்ணிக் கொண்டே ஏறினேன் அல்லவா? இப்போது ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தது.

ஏழே முக்காலுக்கு இரண்டு விளக்குகள் தெரிந்தன. ஜீப் வந்து நின்றது. "டயர் வெடிச்சுப் போச்சு. பனிக்குள்ள மாத்தறதுக்கு நேரமாயிருச்சு" என்றான் டிரைவர், ரொம்பச் சாதாரணமாக. அந்தப் பெண் இறங்கினாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அக்காவின் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக் கொண்டாள். அவள் கையெல்லாம் பச்சைக் கறை. குழந்தை அந்தக் கையை முகர்ந்து பார்த்து விட்டு, உடனே அழுகையை நிறுத்தியது.

மறுநாள் கடைக்காரர் காய் பார்த்து வாங்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். நல்ல பச்சை, வெடிக்காத தோல், கையில் கனம், குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. பொடித்து வைக்காமல் காயாகவே காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். தோலை எறியாமல் டீயில் போடலாம். அவர் விலையைச் சொன்னார். பத்து ரூபாய்க் கீரைக்குக் கால் மணி நேரம் வாதாடுகிற என் நாத்தனார், மறு பேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். எனக்கு ஒரே ஆச்சரியம்! ஆனால் அடுத்த கடையில் இலவம் பஞ்சுத் தலையணைக்கு முப்பது ரூபாய் குறைத்த பிறகுதான் ஊரை விட்டுக் கிளம்பினோம்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. சமையல்காரர் ஏலக்காயை அளக்கும்போது ஒரு காய் உருண்டு மேஜைக்கடியில் போயிற்று. "போகட்டும் அம்மா, ஒரு காய்தானே" என்றார் அவர். பட்டுப் புடவையோடு அக்கா தரையில் குந்தி, கையை நீட்டி, அந்த ஒரு காயை எடுத்துக் கொண்டு வந்தார்.